காரைக்கால் சிறுவனுக்குக் காரைக்காலிலேயே சிகிச்சை

வடக்கே பூவம் முதல் தெற்கே வாஞ்சூர் வரை, ஒருபுறம் கடலும் மற்றப் புறங்களில் தமிழ்நாடுமாகச் சூழ்ந்த காரைக்காலில், மலிவாகக் கிடைக்கும் மதுவை எல்லை தாண்டிக் கடத்துவது நெடுநாளைய தொழில். அந்தப் புட்டிகளைச் சுமக்கப் பதினாறு வயதுப் பையன் ஒருவனை அமர்த்தினால், அமர்த்தியவனுக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டென்று 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 78-ஆம் பிரிவு விதிக்கிறது. பையனுக்கோ புத்திமதி, பெற்றோருடன் கூடிய ஆலோசனை, சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு ஆகியவற்றையெல்லாம் முன்னே கூறி, மூன்றாண்டுக்கு மேற்படாமல் சிறப்பு இல்லத்தில் வைப்பதை அச்சட்டம் கடைசி உபாயமாகவே கருதுகிறது.

இவ்வரிசை அனுபவத்துக்கும் ஒத்தது. மேனாடுகளில் நன்கு ஆராயப்பட்ட குடும்ப சிகிச்சை முறைகளில், பையனைத் தனியே இருத்தி உபதேசிப்பதோடு நில்லாமல், ஆலோசகர் அவன் வீட்டுக்கே சென்று, தாய் தகப்பன் எவ்வாறு கண்டிக்கிறார்கள், எவருடைய சகவாசம் அவனை இழுக்கிறது, பள்ளிக்கூடத்தை ஏன் விட்டான் என்பவற்றை அறிந்து, சில மாதங்கள் அக்குடும்பத்தோடு உழைக்கிறார். சிறைச்சாலையைக் காட்டிப் பயமுறுத்தும் முறையோ, அமெரிக்காவில் பரிசோதிக்கப்பட்டபோது, குற்றங்களை அதிகரிக்கவே செய்தது. இங்கே பிரெஞ்சு ஆட்சி நீங்க ஒன்பதாண்டு இருந்தபோதே, 1945 பிப்ரவரி 2-இல் பிரான்சில் பிறந்த கட்டளைச் சட்டம், இளங்குற்றவாளிக்குத் தண்டனையினும் கல்வியே பிரதானம் என்று வகுத்துவிட்டது.

பையனை இல்லத்தில் வைப்பதற்காகப் புதுச்சேரிக்கு அனுப்பிவிட்டால், மீன் விற்றுப் பிழைக்கும் தாய், அன்றைய வருமானத்தை இழந்து, தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று 130 கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் போனாலன்றி அவன் முகத்தைக் காண இயலாது. அவள் இல்லாமல் எந்தக் குடும்பத்துக்குச் சிகிச்சை செய்வது? இல்லமென்றால் பத்திரம் என்று எண்ணுவோரும் உண்டு. 2022 டிசம்பரில் செங்கல்பட்டுக் கூர்நோக்கு இல்லத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இறக்க, அவனை அடித்ததாக ஊழியர்களே கைதானதும், பிறகு இத்தகைய இல்லங்களை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவைத் தமிழ்நாடு அரசு நியமித்ததும் அவர்கள் அறியாதவை அல்ல.

ஆகவே, ஒரு சில குடும்பங்களை மட்டுமே பொறுப்பில் கொண்டு, காரைக்காலிலேயே வசிக்கும், பயிற்சி பெற்ற ஆலோசகர்களையும் நன்னடத்தை அலுவலர்களையும் புதுச்சேரி அரசு நியமிக்க வேண்டும். கிளிஞ்சல்மேடு போன்ற மீனவக் கிராமங்களில் பெற்றோர் வேலை முடிந்து வீடு திரும்பும் மாலைப் பொழுதே அவர்களுடைய அலுவல் நேரமாக வேண்டும். 78-ஆம் பிரிவைக் கொண்டு புட்டிக்கு உடையவனைத் தேடிப் பிடிப்பது காவல்துறையின் வேலை.