இரண்டு டிஸ்க், ஒரே வீடு

"நாலு டிபி டிஸ்க் ரெண்டு வாங்கச் சொன்னீங்க, வாங்கியாச்சு. கம்ப்யூட்டர்ல பார்த்தா நாலுதான் காட்டுது. மீதி நாலு எங்கீங்க போச்சு?"

நாமக்கல்லில் வீட்டு முன்னறையையே லாரி ஆபீஸாக வைத்திருக்கும் உறவினர் ஒருவர் இப்படிக் கேட்டார். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை ஃபைல் சர்வராக மாற்றி அவர் வீட்டில் வைத்துக் கொடுத்தவன் என் அண்ணன் மகன். பர்மிட், எஃப்சி, இன்சூரன்ஸ் காகிதங்களின் ஸ்கேன், டிரைவர்களின் பேட்டா கணக்கு, மகள் கல்யாண வீடியோ, பேரன் பிறந்ததிலிருந்து செல்போனில் எடுத்த படங்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. எட்டுக்குக் காசு கொடுத்தவருக்கு நாலுதான் தெரிகிறது என்றால் கேட்காமல் விடுவாரா?

"உங்க வண்டியில பின்னாடி ஜோடி டயர் எதுக்குங்க மாமா?" என்று திருப்பிக் கேட்டான் பையன். அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. லாரியின் பின் அச்சில் ஒரு பக்கத்துக்கு இரண்டு டயர். ஒன்று வெடித்தாலும் மற்றது தாங்கிக்கொண்டு அடுத்த பஞ்சர் கடை வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். மிரர் முறையில் இரண்டு டிஸ்க்கும் அப்படித்தான் வேலை செய்கின்றன. எந்த ஃபைலைப் போட்டாலும் அது அந்தக் கணமே இரண்டிலும் எழுதப்படும். ஒன்று செத்தால் சர்வர் நிற்காது. வீட்டில் பாட்டு கேட்டுக்கொண்டிருப்பவருக்குக்கூடத் தெரியாது. ஸ்டெப்னி வேறு விஷயம். அது சும்மா தொங்கிக்கொண்டு வரும். இவை இரண்டும் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

(இன்னொரு சந்தேகமும் வரும். விண்டோஸில் பார்த்தால் நாலுகூட இருக்காது, 3.63 என்று காட்டும். டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது. கடைக்காரர் ஏமாற்றவில்லை.)

இந்த ஜோடி டிஸ்க் யோசனை புதியதும் அல்ல. 1988ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் என்ற மூவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். விலை உயர்ந்த ஒரே பெரிய டிஸ்க்குக்குப் பதில் மலிவான சின்ன டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டினால் வேகமும் கிடைக்கும், ஒன்று போனாலும் தாங்கும் என்பது அவர்கள் வாதம். அதில் ஐந்து படிகள் வகுத்தார்கள். முதல் படி மிரர். அன்று வங்கிகளுக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் மட்டும் கட்டுப்படியான ஏற்பாடு, இன்று பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றும் இரண்டு டிஸ்க்கும் இருந்தால் யார் வீட்டிலும் நடக்கும். ஓப்பன் மீடியா வால்ட், ட்ரூநாஸ் போன்ற மென்பொருள்களுக்குக் காசு தர வேண்டியதில்லை. அமைத்து முடிக்க ஒரு சாயங்காலம் போதும்.

அமைப்பதற்கு முன் யோசிக்க வேண்டியவைதான் அதிகம். முதலில் டிஸ்க் வாங்குவது. ஒரே கடையில் ஒரே பெட்டியிலிருந்து இரண்டையும் எடுப்பதைத்தான் பெரும்பாலோர் செய்கிறார்கள். ஒரே நாளில் மாட்டிய ஜோடி டயர் ஒன்றாகவே தேயும் என்று லாரிக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே தொழிற்சாலையில் ஒரே வாரம் செய்த டிஸ்க்குகளில் ஒரே குறை இருக்கலாம். ஒன்று போன சூட்டோடு மற்றதும் போகலாம். டிஸ்க்குக்கு ஒரு கம்பெனியாக, இல்லாவிட்டால் வேறு வேறு கடையிலாவது வாங்குவது நல்லது. அடுத்தது, உள்ளே எழுதும் முறை. சில டிஸ்க்குகளில் அதிக இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காக எழுதும் தடங்களை ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி வைக்கிறார்கள். எஸ்எம்ஆர் என்று பெயர். படித்துப் பார்க்க ஒன்றும் குறைவில்லை. இடைவிடாமல் எழுதச் சொன்னால் மூச்சு வாங்கும். சர்வருக்கென்றே விற்ற வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையிலும் இந்த வகை கலந்திருந்தது 2020 ஏப்ரலில் வெளியே வந்து பெரிய சத்தமானது. மிரருக்கு, தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகை என்று கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்து கரண்ட். 2012ல் சென்னையைத் தாண்டி இருந்தவர்களுக்கு நாளில் பாதி நேரம் மின்சாரம் இல்லாத காலம் மறந்திருக்காது. இன்வெர்ட்டர் எங்கள் பக்கத்து வீடுகளில் நிலையாகக் குடியேறியது அப்போதுதான். ஆனால் ஃபேனுக்கும் லைட்டுக்கும் வைத்த இன்வெர்ட்டர், கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் இமைப்பொழுதில் கம்ப்யூட்டரை அணைத்து ஏற்றிவிடும். ஏதோ எழுதிக்கொண்டிருக்கும்போது அப்படி நடந்தால், ஒரு டிஸ்க்கில் எழுதியும் மற்றதில் எழுதாமலும் நின்றுபோகும். அதனால் சர்வருக்குத் தனி யுபிஎஸ் வேண்டும். அதிலிருந்து யுஎஸ்பி வயர் சர்வருக்குப் போக வேண்டும். பேட்டரி இறங்கப்போகிறது என்று யுபிஎஸ் சொன்னதும் சர்வர் தானாக ஒழுங்காக மூடிக்கொள்ளும். சித்திரை வைகாசியில் சேலம் சமவெளியில் நாற்பது டிகிரியைத் தாண்டும் வெயில், அதன்பின் சாயங்காலம் இடியோடு வரும் கோடை மழை இரண்டையும் நினைத்துத்தான் இடம் பார்க்க வேண்டும். மொட்டை மாடி அறையில் வைக்கக் கூடாது. தறி ஓடும் வீடென்றால் பஞ்சு பறக்கும் பக்கமே கூடாது. பையன் அதை வீட்டுக்குள், சாமி அறைக்கு அடுத்த சுவரோரம், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் வைத்தான்.

அவன் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. ஒவ்வொரு டிஸ்க்கின் மேலட்டையிலும் பொடியாக ஒரு சீரியல் எண் இருக்கும். பெட்டிக்குள் மாட்டிவிட்டால் அது கண்ணுக்குத் தெரியாது. அதன் கடைசி நான்கு இலக்கங்களை வெள்ளை ஸ்டிக்கரில் பட்டையாக எழுதி, வெளியே தெரியும் ஓரத்தில் ஒட்டினான். "ஒண்ணு செத்துப்போச்சுன்னு சர்வர் சொல்லும் சித்தப்பா. அவசரத்துல நல்லா இருக்கிறதைக் கழட்டிட்டா என்ன பண்றது?" என்றான். அப்படி நல்லதைக் கழற்றிப் போனவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள்.

அத்தோடு விடவில்லை. லாரிக்காரர் பேத்தியை விட்டுக் கல்யாண வீடியோவை டிவியில் ஓடவிடச் சொல்லிவிட்டு, சர்வரைத் திறந்து ஒரு டிஸ்க்கின் வயரைப் பிடுங்கினான். வீட்டில் எல்லாரும் பதறிவிட்டார்கள். டிவியில் நாதஸ்வரம் நிற்கவில்லை. சர்வரின் லினக்ஸ் திரையில் இரண்டு டிஸ்க்குக்கும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு எழுத்து நிற்கும். பிடுங்கியதும் ஒன்று மறைந்து அந்த இடத்தில் வெறும் கோடு வந்தது. டிஸ்க்கைத் திரும்ப மாட்டி முதலிலிருந்து சேர்க்கச் சொன்னதும், நல்ல டிஸ்க்கைப் பார்த்து மற்றதை எழுத ஆரம்பித்தது. நாலு டிபியை முழுதாக எழுத ஏழெட்டு மணி நேரம் ஆகும். அதுவரை அந்த வண்டி ஒற்றை டயரில்தான் ஓடுகிறது.

டிஸ்க் செத்ததை யார் சொல்வது என்பது பலர் விட்டுவிடும் இடம். ஜோடி டயரில் உள்பக்கத்து டயர் இறங்கினால் ஸ்டீயரிங்கில் தெரியாது. அதனால்தான் வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் கிளீனர் இறங்கிக் கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்க்கிறார். மிரரில் ஒன்று செத்தாலும் எல்லாம் வழக்கம்போல ஓடுவதால், மாதக்கணக்கில் ஒருவருக்கும் தெரியாமல் போகும். இரண்டாவது செத்த அன்றுதான் முதலாவது போனதே தெரியவரும். ஒன்று போனதும் செல்போனுக்கு மின்னஞ்சல் வரும்படி செய்யாத மிரர், மிரரே இல்லை.

இத்தனையும் செய்தபின் லாரிக்காரர் நிம்மதியாகச் சொன்னார்: "இனி எதுவும் போகாதுங்க."

இங்கேதான் நான் மறுக்கிறேன். மிரர் காப்பாற்றுவது ஒன்றே ஒன்றிலிருந்து: டிஸ்க் சாவதிலிருந்து. பேத்தி தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால், அழித்ததும் அந்தக் கணமே இரண்டிலும் நடக்கும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் பூட்டும். இடி இறங்கினால், திருடன் பெட்டியோடு தூக்கிப் போனால், அங்கே இருந்தது இரண்டு பிரதி அல்ல, ஒரே பிரதி என்று அன்று புரியும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. டிஸ்க் சாகாமலே, உள்ளே எழுதியதில் ஒரு துளி மாறிப்போவது நடக்கும். அப்போது இரண்டு டிஸ்க்கும் வேறு வேறு சொல்லும். லினக்ஸின் சாதாரண மிரருக்கு இரண்டும் பொருந்தவில்லை என்பது தெரியும். எது சரி என்பது தெரியாது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005ல் வெளியிட்ட இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம், எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டுத் தனியே வைக்கிறது. படிக்கும்போது அந்த எண்ணோடு பொருந்துவது எதுவோ அதை நம்பி, மற்றதைத் திருத்துகிறது. முடிந்தவர்கள் அதையே போடுவது உத்தமம். மாதம் ஒருமுறை முழுக்கச் சரிபார்க்கவும் சொல்லி வைக்கலாம்.

தமிழில் இந்தச் சிக்கலை நம் பெரியவர்கள் ஓலையில் பட்டிருக்கிறார்கள். அந்தக் கதையின் தொடக்கத்திலேயே எங்கள் ஊர்க்காரர் ஒருவர் நிற்கிறார். 1880ல் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்தவர் சேலம் இராமசுவாமி முதலியார். கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர், தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் அவரிடம் வரிசையாகச் சொன்னார். இவற்றால் என்ன பிரயோஜனம் என்று கேட்ட முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். படித்ததில்லை. பிறகு தம்மிடம் இருந்த கையெழுத்துப் பிரதியையே கொடுத்தார். உ.வே.சா. அந்த ஒரு பிரதியை வைத்து அச்சுக்குப் போகவில்லை. ஊர் ஊராகத் தேடி ஏடுகளைச் சேர்த்தார். வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் குறித்தார். 1887ல்தான் சிந்தாமணி அச்சில் வந்தது. ஒரு பிரதியில் சிதைந்திருந்தது இன்னொரு ஊர்ப் பிரதியில் பிழைத்திருந்ததால்தான் அது முடிந்தது. செல் அரித்த வீடும் ஆற்றில் ஏட்டை விட்ட வீடும் வேறு, பிரதி பிழைத்திருந்த வீடு வேறு.

பிரதி வேறு வீட்டில் இருக்க வேண்டும் என்ற இந்த விதியை மறந்தவர்கள் சாதாரண ஆட்களும் அல்ல. தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசாங்கத் தகவல் மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று பேட்டரியில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளைச் சேமித்து வந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம் அங்கே இருந்தது. 858 டிபி. அவ்வளவு பெரியதை வெளியே பிரதி எடுத்து வைக்க வசதிப்படவில்லை என்று விட்டிருந்தார்கள். எல்லாம் போயிற்று. டிஸ்க்கும் யுபிஎஸ்ஸும் அவர்களிடம் இல்லாததா? வேறு ஊரில் ஒரு பிரதி இல்லை, அவ்வளவுதான்.

நமக்கு 858 டிபி இல்லை. லாரிக்காரர் வீட்டு சர்வரில் இருப்பதையே பிரித்துப் பார்த்தோம். சினிமா திரும்பக் கிடைக்கும். பட்டாவும் வில்லங்கச் சான்றும் அரசாங்கத்திடம் இருக்கின்றன, மறுபடி எடுக்கலாம். பர்மிட் நகலுக்கும் வழி உண்டு. கிடைக்கவே கிடைக்காதவை என்று ஒதுக்கினால் குடும்பப் படங்கள், வீடியோக்கள், கைக்கணக்குகள், இறந்துபோன அம்மா போனில் பேசிய சில பதிவுகள். மொத்தமும் ஒரு டிபிக்குள் அடங்கிவிட்டது. சட்டைப் பையில் போகும் ஒரு போர்ட்டபிள் டிஸ்க் போதும்.

வழி இது: அப்படி இரண்டு போர்ட்டபிள் டிஸ்க் வாங்கி, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி, ஒன்றை வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டில் வைப்பது. ஆடிக்கு மகள் வரும்போது அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, புதிதாக எழுதிய மற்றதைக் கொண்டுபோவாள். பொங்கலுக்கு மறுபடி மாற்று. நடுவில் ஆறு மாதம் விட்டுப்போகிறது என்று கவலைப்படுபவர்கள், அந்தக் கொஞ்சத்தை மட்டும் இணையச் சேமிப்பில் போட்டுக்கொள்ளலாம். எப்போதும் செருகியே வைத்திருக்கும் டிஸ்க் மட்டும் தனிப் பிரதி ஆகாது. வைரஸுக்கும் இடிக்கும் அதுவும் கை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

மிரர் போடுங்கள். இரண்டு டிஸ்க்குக்குக் காசு கொடுத்து ஒன்றின் இடத்தைப் பெறுவது நஷ்டமில்லை. ஆனால் அதை பேக்கப் என்று மட்டும் கூப்பிடாதீர்கள். வெளியூருக்குப் போகும் டிஸ்க்கில் ஐந்தாறு படங்களையும் ஒரு வீடியோவையும் வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள். திறந்து பார்க்காத பிரதியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.