மறுமுறை வந்தவரின் சொல்

காலை ஒன்பது மணிக் காட்சி முடிந்து திரையரங்கின் கதவு திறக்கிறது. இருட்டிலிருந்து வெயிலுக்கு வந்தவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பதற்குள் முகத்துக்கு நேரே மூன்று மைக்குகள். “படம் எப்படி இருக்கு ப்ரோ?” என்று கேட்பவர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். “வெறித்தனம்”, “செம”, “ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே, செகண்ட் ஹாஃப் லேக்”, “மியூசிக்தான் காப்பாத்துது”. பதில் சொல்ல அரை நிமிடம்கூட இல்லை. பின்னால் அடுத்தவர் வந்துவிட்டார். இதற்குப் பெயர் பப்ளிக் ரிவ்யூ. ரசிகனின் கருத்து என்று இன்று நாம் கையில் வைத்திருப்பதில் பெரும்பகுதி இப்படிச் சேர்ந்ததுதான். சொல்வதற்கு அவனிடம் மிகக் குறைவாக இருக்கும் நேரம் பார்த்து அவனைப் பேசவைக்கிறோம். அதே படத்தோடு அவன் பத்து வருடம் பழகிய பிறகு கேட்க ஆளில்லை. ரசிகர்கள் அதிகமாகப் பேசுகிறார்கள் என்று புலம்புகிறவர்கள் இந்த ஏற்பாட்டை முதலில் பார்க்க வேண்டும்.

2024 நவம்பரில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கம், முதல் நாள் முதல் காட்சி முடிந்ததும் திரையரங்க வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களைக் கருத்துக் கேட்க விடக் கூடாது என்று திரையரங்க உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. விமர்சனங்களுக்குச் சில நாள் தடை கேட்டு ஒரு வழக்கும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. விமர்சனம் கருத்துச் சுதந்திரம் சார்ந்தது என்று நீதிமன்றம் தடைவிதிக்க மறுத்தது, அதுவே சரி. நூற்றுக்கணக்கானோரின் உழைப்பும் கோடிக்கணக்கான பணமும் ஒரு காலைப்பொழுதில் சரிவதைப் பார்ப்பவரின் வேதனை புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால் முதல் நாள் “பிளாக்பஸ்டர்” என்று கத்தும் அதே வாயைத்தான் விளம்பரத்துக்கும் பயன்படுத்துகிறார்கள். கத்தலை வரவேற்றுவிட்டுக் கண்டனத்தை மட்டும் தள்ளிப்போடச் சொல்ல முடியாது. இந்த விவகாரத்தில் என்னை உறுத்துவது வேறொன்று. தடை கேட்டவர்களும் சரி, தடை கூடாது என்றவர்களும் சரி, ரசிகனின் கருத்து என்றால் அது முதல் நாள் கூச்சல்தான் என்று ஒப்புக்கொண்டே வாதாடினார்கள்.

ரசிகனை வெறும் எண்ணிக்கையாக ஆக்கினால் என்ன கிடைக்கும் என்பதற்கு அமெரிக்க காமிக்ஸ் உலகில் ஒரு சுத்தமான உதாரணம் இருக்கிறது. 1988-இல் டிசி நிறுவனம், பேட்மேனின் உதவியாளன் ராபினாக அப்போது இருந்த ஜேசன் டாட் என்ற சிறுவனை குண்டுவெடிப்பில் சிக்கவைத்து அந்த இடத்தோடு இதழை முடித்தது. பிழைக்கட்டுமா, சாகட்டுமா என்று இரண்டு தொலைபேசி எண்கள் கொடுத்தார்கள். அழைப்புக்கு 50 சென்ட். ஒன்றரை நாள் அவகாசம். சாகட்டும் என்று 5,343 அழைப்புகள், பிழைக்கட்டும் என்று 5,271. வித்தியாசம் 72. ஒருவரே எத்தனை முறை வேண்டுமானாலும் அழைக்கலாம் என்பதால் அது எத்தனை பேரின் கருத்து என்பதையும் கண்டறிய வழியில்லை. அந்தப் பையனை வாசகர்களுக்கு ஏன் பிடிக்காமல் போனது, பிடித்தவர்கள் அவனிடம் எதைக் கண்டார்கள், இவை எதையும் அந்த எண்கள் சொல்லவில்லை. 2005-இல் அதே நிறுவனம் ஜேசனைக் கதைக்குள் உயிரோடு திரும்பக் கொண்டுவந்தது. பத்தாயிரத்துச் சொச்சம் அழைப்புகள் கூடிச் சொன்ன தீர்ப்பு அவ்வளவுதான் நின்றது.

இதற்கு நேர் எதிரான உதாரணம் நம்மிடமே இருக்கிறது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதம் வரை, மூன்றரை ஆண்டுகள் வாராவாரம் ‘கல்கி’ இதழில் வந்தது. வாசகர்கள் அதைப் படித்துவிட்டுத் தூக்கிப் போடவில்லை. தொடர் வந்த பக்கங்களை மட்டும் பத்திரமாகப் பிரித்தெடுத்து, மணியத்தின் ஓவியங்களும் பின்பக்கத்து விளம்பரமும் துணுக்குமாக, பைண்டு செய்து வைத்தார்கள். தையல் விட்டு, முனை மடங்கிப் பழுப்பேறிய அந்தத் தொகுப்புகள் பாட்டியிடமிருந்து அம்மாவுக்கும், அம்மாவிடமிருந்து பெண்ணுக்கும் போயின. தொடர் முடிந்தபோது, முடிவு அவசரமாக இருக்கிறது, இன்னின்னார் கதி என்ன ஆயிற்று என்று வாசகர்கள் எழுதிக் கேட்டார்கள். கல்கி அதை அலட்சியம் செய்யவில்லை. முடிவுரை ஒன்று எழுதி, கேள்விகளை எடுத்துக்கொண்டு பதில் சொன்னார். தான் செய்துகொண்ட முடிவை அவர் மாற்றவும் இல்லை. அந்த ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார். மிச்சமிருந்த கேள்விகள் வாசகர்களிடமே தங்கிவிட்டன.

அந்தக் கேள்விகள் சும்மா கிடக்கவில்லை. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதை நாவல் மூடியே வைத்தது. விடை தேடிய வாசகர்கள் காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயில்வரை போனார்கள். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த, அங்குள்ள கல்வெட்டில் துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற பெயர்கள் இருக்கின்றன. கொலை எப்படி நடந்தது என்று அது சொல்லாது. துரோகிகளின் உறவினரிடமிருந்து பறிமுதலான நிலம் பற்றிய ஆவணம் அது. நாவலில் வில்லனாக வரும் ரவிதாசன் பெயர் கல்லில் இருப்பதைப் பார்த்தவர், கல்கி எங்கே வரலாற்றைப் பிடித்துக்கொண்டார், எங்கே கைவிட்டுப் பறந்தார் என்பதைத் தானே அளந்துபார்க்கத் தொடங்குகிறார். ஒரு கதைமீதான பிரியம் ஒருவரைக் கல்வெட்டுப் படிக்க வைக்கும் என்றால், அந்தப் பிரியத்திலிருந்து வரும் கருத்தை வெறும் உணர்ச்சி என்று ஒதுக்க முடியுமா?

இந்த நாவலை வைத்து மணிரத்னம் எடுத்த இரண்டு படங்களும், 2022 செப்டம்பர் 30-லும் 2023 ஏப்ரல் 28-லும், வெளியானபோது இந்த வாசகர்களின் குரல் உரக்கக் கேட்டது. ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் காட்சியோடு தொடங்கும் கதையைப் போர்க்களத்தில் தொடங்கலாமா என்பது போன்ற மனக்குறைகள் சிறியவை. இரண்டு ஆட்சேபங்கள் மட்டும் ஆழமானவை. முதலாவது, நாவலில் வரும் மணிமேகலை படத்தில் இல்லை. ஐந்து பாகங்களிலும் அரசியலில் ஒரு ஆதாயமும் தேடாமல் எல்லாவற்றையும் இழந்தவள் அவள். வந்தியத்தேவனைக் காப்பாற்றக் கொலைப்பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறாள். நாவல் முடிவதே அவள் மரணத்தில்தான். சிம்மாசனச் சண்டைக்கு அரண்மனைக்கு வெளியே கொடுக்கப்படும் விலை என்ன என்பதை அவள் வழியாகத்தான் கல்கி காட்டினார். இரண்டாவது, நாவலில் இளவரசன் அருள்மொழி கிரீடத்தைச் சூட்டுவது சேந்தன் அமுதன் தலையில். கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுத்து வளர்ந்த, ராஜ்யத்துக்கு ஒருநாளும் ஆசைப்படாத அவன்தான் உண்மையான மதுராந்தகன் என்று கல்கி வைத்தார். படம் அந்த ஆள்மாறாட்டத்தை விட்டுவிட்டு, சிம்மாசனத்துக்காகச் சதியில் இறங்கிய மதுராந்தகனுக்கே கிரீடத்தைத் தருகிறது. செயல் ஒன்று, பொருள் இரண்டு. ஆசையற்றவனைத் தேடிப் பிடித்து முடிசூட்டுவது ஒரு லட்சியக் கனவு. ஆசைப்பட்டவனுக்கே விட்டுக்கொடுப்பது உள்நாட்டுப் போரைத் தவிர்க்கும் அரசியல். மதுராந்தகரான உத்தம சோழர் ஆண்டார் என்ற வரலாற்றுக்கும் இது நெருக்கம். என் கணிப்பில் மணிமேகலையை விட்டது இழப்பு, கிரீடத்தை இடம் மாற்றியது துணிச்சலான, நியாயமான தேர்வு. ஆனால் இந்த வித்தியாசத்தைப் பார்க்கும் இடத்துக்கே என்னைக் கொண்டுவந்தது, “சேந்தன் அமுதனை இப்படிச் செய்யலாமா?” என்று கோபப்பட்ட ரசிகர்கள்தாம். படம் வேகமாக இருக்கிறதா, பிரம்மாண்டமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்த விமர்சனங்களிலிருந்து அது கிடைத்திருக்காது.

இவர்கள் எதையும் மாற்றவிடாத பிடிவாதக்காரர்கள், சுமார் ஐந்தரை மணி நேரத்தில் ஐந்து பாகங்களை அடக்கும் கஷ்டம் இவர்களுக்குத் தெரியாது என்பது வழக்கமாக வரும் மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது. மணியம் வரைந்த குந்தவையின் கொண்டையை அப்படியே நடிகை தலையில் எதிர்பார்ப்பது நியாயமாகாது. நாவலை வரி வரியாகக் காத்துநிற்பவர் காவலாளி; அவரால் படத்துக்கு உபயோகமில்லை. ஆனால் பழகிய வாசகர் எல்லோரும் காவலாளிகள் இல்லை. கல்கிக்குப் பின் அந்தக் கதையைத் தொடர்ந்து ‘நந்திபுரத்து நாயகி’ எழுதிய விக்கிரமனும் ஒரு வாசகராக இருந்து வந்தவர்தாம். 1999-இல் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் மேஜிக் லாண்டர்ன் குழு ‘பொன்னியின் செல்வ’னை மேடையேற்றியபோது நாடகமாக்கிய குமரவேல், பிறகு மணிரத்னத்தின் திரைக்கதையிலும் பங்குகொண்டார். எதை வெட்டினால் கதை தாங்கும், எதை வெட்டினால் சரியும் என்பது பலமுறை படித்தவருக்குக் கைவந்த விஷயம். இயக்குநர் அவர் சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டியதில்லை. சாட்சி சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டு தீர்ப்பைத் தானே எழுதினால் போதும். கல்கி முடிவுரையில் செய்தது அதுதான்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. ரசிகர் என்ற பெயரில் நடக்கும் வசைபாடல். ஒரு நடிகரின் படம் வெளியாகும் நாளில் இன்னொரு நடிகரின் ரசிகர்கள் படம் பார்க்காமலே மட்டம்தட்டுவதும், பாராட்டாத விமர்சகரின் குடும்பத்தை இழுத்துத் திட்டுவதும், விமர்சகர் பெண்ணாக இருந்தால் இன்னும் கீழே இறங்குவதும் அன்றாடமாகிவிட்டன. இதற்குச் சப்பைக்கட்டு எதுவும் சொல்ல மாட்டேன், அது கேவலம். ஆனால் அந்த வசையில் படத்தைப் பற்றி என்ன இருக்கிறது என்று தேடிப்பாருங்கள். ஒரு காட்சி, ஒரு வசனம், ஒரு பாட்டு இராது. முதல் நாள் வசூல், திரையரங்குகளின் எண்ணிக்கை, டிரெய்லரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதுதான் இருக்கும். எண்ணைக் காட்டிப் பழக்கிய வியாபாரம்தான் எண்ணுக்காக அடித்துக்கொள்ளும் கூட்டத்தை உண்டாக்கியது. போஸ்டரில் ‘100 கோடி’ என்று படத்தின் பெயரைவிடப் பெரிதாக அச்சடித்துவிட்டு, ரசிகர்கள் நிதானமாகப் பேச வேண்டும் என்று எதிர்பார்த்தால் எப்படி?

நிதானமாகப் பேசியவர்களும் இருக்கிறார்கள். அவர்களால் காப்பாற்றப்பட்ட படங்களும் இருக்கின்றன. 2003 பொங்கலுக்கு வந்த ‘அன்பே சிவம்’ வசூலில் தோற்றது. 2010 பொங்கலுக்கு வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’, இரண்டாம் பாதி புரியவில்லை என்ற பேச்சுக்கு இரையானது. முதல் நாள் மைக்கில் அந்தப் பேச்சு பொய்யே இல்லை. புதிதாகக் கேட்கும் பழைய தமிழும் கொடூரமும் ஒரே அமர்வில் பிடிபடாமல் போனது இயல்பு. பிறகு தொலைக்காட்சியில், குறுந்தட்டில், கைப்பேசியில் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள், படத்தில் பட்டினியில் வாடும் சோழக் கூட்டத்தில் அகதிகளின் முகத்தைக் கண்டார்கள். இறுதிப் பகுதியை ஈழத்தோடு சேர்த்துப் படித்தார்கள். 2021-இன் கடைசி நாளில் படம் மறுபடி திரையரங்குகளுக்கு வந்தபோது கூடிய கூட்டம் அவர்கள் சேர்த்தது. எந்த விளம்பரச் செலவும் செய்திருக்க முடியாத வேலை இது. முதல் நாளில் பிடிக்கவில்லை என்றவரும் பிறகு கொண்டாடியவரும் பல நேரம் ஒரே ஆள் என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப்படுகிறது.

சிவகாசியிலிருந்து வரும் முத்து, லயன் காமிக்ஸ்களின் வாசகர்களைப் பாருங்கள். 1972-இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு முத்துவும், 1984-இல் லயனும் தொடங்கின. அவற்றில் வந்த ‘ரத்தப் படலம்’ தொடரை இடைவெளி விட்டு விட்டுப் படித்துவந்தவர்கள் முழுக்கதையும் ஒரே புத்தகமாக வேண்டும் என்று சலிக்காமல் கேட்டார்கள். 2010-இல் அது கனத்த தொகுப்பாகவே வந்தது. மொழிபெயர்ப்பில் ஒரு சொல் பிசகினாலும், வண்ணம் மங்கினாலும், காகிதம் மெலிந்தாலும் அந்த வாசகர்கள் எடுத்துச் சொல்வார்கள். கூட்டம் சிறியதுதான், ஆனால் முன்பணம் கட்டிக் காத்திருப்பவர்கள். கருத்துச் சொல்வதோடு அதற்கான செலவையும் ஏற்பவரைப் பதிப்பாளர் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது.

குடும்பத்தோடு படத்துக்குப் போக ஆயிரம் ரூபாய்க்கு மேல் எடுத்துவைக்கிறவருக்கு முதல் நாள் பேச்சு தேவைப்படுகிறது என்பதை மறுக்கவில்லை. அது இருக்கட்டும். கூடவே, படம் வெளியாகி ஒரு வருடம், ஐந்து வருடம் கழித்து, அதை மறுபடி பார்த்தவர்களிடம் மைக்கை நீட்ட ஒரு பத்திரிகையோ ஒரு சேனலோ முன்வரலாம். மறுவெளியீடுகள் இப்போது அடிக்கடி நடக்கின்றன. அந்தக் காட்சி முடிந்து வெளியே வருகிறவரிடம் படம் எப்படி என்று கேட்டால் அவர் சிரிப்பார். அது அவருக்குத் தெரியும் என்பதால்தான் வந்திருக்கிறார். முதல் தடவை எது பிடிபடவில்லை, இப்போது எந்தக் காட்சிக்காக வந்தீர்கள் என்று கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை கைப்பேசியைத் தாழ்த்தாமல் நிற்க வேண்டும்.