நடந்து வந்தவர்கள்

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கச் செல்வோருக்கு முதலில் காட்டப்படுபவை பர்மாத் தேக்குத் தூண்கள். மரம் வந்த கதை நமக்குத் தெரியும். மனிதர்கள் வந்த கதைதான் மறந்துபோயிற்று.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு வீசின. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. கப்பலில் இடம் கிடைக்காத லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும், தமு - இம்பால் வழியாகவும் நடந்தே வந்தனர். தமிழர், தெலுங்கர், ஒரியர், வங்காளிகள் எனப் பலரும் அதில் இருந்தனர். மிகப் பலர் கூலித் தொழிலாளர்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் வழியிலேயே மடிந்தனர். அவர்களை யாரும் முழுமையாக எண்ணி வைக்கவில்லை.

இன்று ‘பர்மா அகதி’ என்றதும் நம் நினைவுக்கு வருவோர், 1962இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றிய பின் வந்தவர்கள். அவர்களுக்குப் பர்மா பஜார் இருக்கிறது. பல ஊர்களில் பர்மா காலனிகள் இருக்கின்றன. அத்தோ கடைகள் இருக்கின்றன. ஓரிடத்தில் கூடி வாழ்ந்ததால் அவர்களது நினைவுக்கு ஒரு முகவரி வாய்த்தது. 1942இல் வந்தவர்களோ தத்தம் கிராமங்களுக்குள் கரைந்துபோனார்கள். அவர்களை நாம் அகதிகள் என்று அழைக்கவில்லை. ஊர் திரும்பியவர்கள் என்றோம். அந்த ஒரு சொல்லே மறதிக்குப் போதுமானதாக இருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. 1944இல் இந்திய தேசிய இராணுவம் இம்பாலை நோக்கி நடந்ததை நாம் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். இரண்டாண்டுகளுக்கு முன் அதே எல்லையை, அதே திசையில் கடந்தவர்களிடம் கொடியோ முழக்கமோ இல்லை. வெறுமனே உயிர் பிழைத்தல் நமக்கு வரலாறாகத் தோன்றுவதில்லை.

பதிவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ரங்கூனில் ‘ஜோதி’ இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா தம் நடைப்பயணத்தை எழுதியிருக்கிறார். 1952இல் வெளிவந்த ‘பராசக்தி’ பர்மாவிலிருந்து போரால் சிதறிய ஒரு குடும்பத்தின் கதைதான். ஆனால் நாம் மனப்பாடம் செய்தது நீதிமன்ற வசனத்தை மட்டுமே.

துயரத்தைப் பேச விரும்பாமல் அவர்களே மௌனம் காத்தனர் என்று சிலர் கூறக்கூடும். இருக்கலாம். ஆனால் நாம் கேட்டோமா? அன்று 8 வயதில் நடந்தவருக்கு இன்று 90ஐத் தாண்டியிருக்கும். உங்கள் ஊரில் ‘ரங்கூன்காரர் வீடு’ என்று ஒன்று இருந்தால், இந்த வாரமே சென்று கேளுங்கள்.