பாலக்காட்டுக் கணவாய் முதல் இடுக்கி வரை: அதிர்வு எங்கிருந்து வருகிறது?

2024 ஜூன் 15-ம் தேதி காலை எட்டேகால் மணி சுமாருக்குத் திருச்சூர் மாவட்டத்தின் குன்னங்குளம், எருமப்பெட்டி பக்கங்களிலும், பாலக்காடு மாவட்டத்தின் திருத்தாலா, ஆனக்கரை பக்கங்களிலும் நிலம் சில விநாடிகள் நடுங்கியது. ரிக்டர் அளவில் 3. மறுநாள் விடியுமுன் இன்னொரு சிறு அதிர்வு. உயிர்ச்சேதம் ஏதுமில்லை. ஆனால் இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் பாலக்காடு முதல் குமுளி வரை, மலையாளிகளும் தமிழர்களும் கேட்கும் கேள்வி ஒன்றே: பெரியாறு அணை என்னவாகும்?

இதற்கு விடை தேடுமுன் காலடியில் இருப்பது என்னவென்று பார்க்க வேண்டும். நாம் நிற்பது மேலோட்டின் மீது. தென்னிந்தியாவில் அதன் கனம் சுமார் 40 கிலோமீட்டர். அதற்குக் கீழே 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை கவசம் என்னும் பகுதி. அது பாறைதான், ஆனாலும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெழுகுபோல் மெல்ல நகர்கிறது. அதற்கும் கீழே உருகிய இரும்பு, அதனுள்ளே திடமான கரு. மேலோடும் கவசத்தின் மேற்பகுதியும் சேர்ந்த பெரும் பாளங்களே கண்டங்களைச் சுமந்து செல்கின்றன. இந்தியப் பாளம் ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வீதம் வடக்கு நோக்கி நகர்ந்து ஆசியாவை நெருக்குகிறது. இமயமலை எழுந்தது அதனால்தான்.

பூமியின் ஆழத்தைக் காண இடுக்கிக்காரர்கள் சுரங்கம் தோண்ட வேண்டியதில்லை. நீலகிரியிலும் இடுக்கி மலைகளின் பல பகுதிகளிலும் காணப்படும் கருநிறச் சார்னோகைட் பாறை, 20 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவானது. மேலிருந்தவை கரைந்துபோக, அடித்தளம் இன்று மலையுச்சியாக நிற்கிறது. இதே இனப் பாறைதான் சென்னைப் பரங்கிமலையிலும் உள்ளது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் பயன்பட்ட கல் என்பதால் தாமஸ் ஹாலண்ட் 1893-ல் அதற்கு இப்பெயரைச் சூட்டினார்.

கண்டங்கள் நகர்கின்றன என்று ஜெர்மானியரான ஆல்பிரட் வெகனர் 1912-ல் சொன்னபோது பெரும் பண்டிதர்கள் நகைத்தனர். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு கடலடி ஆராய்ச்சிகள் அவர் பக்கம் தீர்ப்பளித்தன. தென்னிந்தியா, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, அண்டார்டிகா ஆகியவை ஒரே கோண்டுவானா நிலமாக ஒட்டியிருந்தவை. மடகாஸ்கர் ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவை விட்டுப் பிரிந்தது. இதற்கு உயிருள்ள சாட்சி இடுக்கியிலேயே உண்டு. 2003-ல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட, மண்ணுக்குள் வாழும் ஊதாநிறத் தவளையின் நெருங்கிய உறவினங்கள் இந்துமாக் கடலின் செஷல்ஸ் தீவுகளில்தான் உள்ளன. தவளை உப்புக்கடலை நீந்திக் கடக்காது. நிலம்தான் பிரிந்து போயிருக்கிறது. 1864-ல் பிலிப் ஸ்கிளேட்டர் லெமூர் பிராணிகளுக்காகக் கற்பனை செய்த லெமூரியா கண்டத்துக்கு இதன்பின் விஞ்ஞானத்தில் இடமில்லாமல் போயிற்று. மேடைகளில் மட்டும் அது இன்னும் மூழ்கவில்லை.

பாலக்காட்டுக் கணவாய்க்கு வருவோம். வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் நிற்க, நடுவே ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மலைத்தொடர் அறுந்து கிடக்கிறது. கோண்டுவானா ஒன்றுசேர்ந்த காலத்தில், ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன், நிலத்துண்டுகள் ஒட்டிக்கொண்ட தையல் இவ்வழியாகக் காவிரிப் பக்கம் செல்கிறது என்று நிபுணர்கள் பலர் கருதுகின்றனர். வடக்கே இமயத்தில் ஏற்படும் நெருக்கடி பாளம் முழுவதிலும் பரவும்போது, இத்தகைய பழைய தையல்களும் வெடிப்புகளுமே முதலில் அசைந்து கொடுக்கின்றன. 1900 பிப்ரவரி 8-ல் கோவையை உலுக்கிய பூகம்பம் ஏறத்தாழ 6 அளவுடையது. 1988-ல் நெடுங்கண்டம் அருகே 4.5, 1994-ல் வடக்காஞ்சேரியில் 4.3, 2000 டிசம்பரில் இடுக்கி எல்லையை ஒட்டிய ஈராட்டுப்பேட்டையில் 5. கேரளம் முழுவதும் மூன்றாம் பூகம்ப மண்டலம் என 2002-ம் ஆண்டு வரைபடம் குறித்தது வெறும் சடங்கல்ல.

ஆனால் எண்களைப் படிக்கத் தெரிய வேண்டும். ரிக்டர் அளவில் ஒரு எண் கூடினால் வெளியாகும் சக்தி சுமார் 32 மடங்கு. 3-க்கும் 6.5-க்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மடங்கல்ல. ஏறத்தாழ ஒன்றே முக்கால் லட்சம் மடங்கு. குன்னங்குளத்து அதிர்வை வைத்து முல்லைப் பெரியாறுக்கு நாள் குறிப்பவர்கள் இதை மறந்துவிடுகின்றனர்.

அதற்காக அச்சத்தையே கேலி செய்துவிட முடியாது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு 1895-ல் முடிக்கப்பட்ட அணை அது. 6.5 அளவுப் பூகம்பத்தைத் தாங்காது என்று ரூர்க்கி ஐ.ஐ.டி. ஆய்வைக் காட்டிக் கேரளம் வாதாடியது. நீதிபதி ஆனந்த் தலைமையிலான குழு 2012-ல் கட்டுமானம், வெள்ளம், பூகம்பம் ஆகிய மூன்று வகையிலும் அணை பத்திரமானது என்றது. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. தேக்கிய நீரே பூகம்பத்தைத் தூண்டக்கூடும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் கொய்னா உதாரணம். அங்கு 1967 டிசம்பரில் ஏற்பட்ட பூகம்பம் 6-ஐத் தாண்டியது. அந்தக் கேள்வியைக் கேட்பதானால், பெரியாறைவிடப் பன்மடங்கு நீரைத் தாங்கும் இடுக்கி நீர்த்தேக்கத்தையும் சேர்த்தே கேட்பதுதான் நியாயம். வல்லக்கடவு மக்களின் உறக்கமும் கம்பம் பள்ளத்தாக்கின் நெல்லும் ஒன்றுக்கொன்று எதிரியாக நிறுத்தப்பட்டதுதான் வேதனை. 2011-ல் சிறு அதிர்வுகள் தொடர்ந்து வந்தபின், டிசம்பரில் குமுளிப் பாதை அடைபட்டது; ஏலத்தோட்டத் தமிழ்த் தொழிலாளர் பலர் குடும்பத்தோடு தேனிப் பக்கம் இறங்கினர். பூமி அவர்கள் வீட்டை இடிக்கவில்லை, வதந்தியும் வன்முறையுமே அவர்களைத் துரத்தின.

இவ்வட்டாரத் தமிழர்களை மண் உண்மையிலேயே விழுங்கியது 2020 ஆகஸ்ட் 6 இரவில். மூணாறு பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் லயங்கள் புதைந்தன. 70 பேர் மாண்டனர். காரணம் பூகம்பமல்ல, மழை. பாறையின் மேல் படிந்த மண் நீரைக் குடித்துக் கனத்துச் சரிந்தது. கண்டங்களின் நகர்வை எவராலும் தடுக்க முடியாது. ஆனால் சரிவுக்கு நேர் கீழே லயம் இருக்க வேண்டுமா, கனமழை நாளில் அதைக் காலி செய்ய யார் உத்தரவிடுவது என்பவை அரசாங்கமும் தோட்ட நிர்வாகங்களும் தீர்க்கக்கூடிய கேள்விகள். 142 அடிக்காக நடந்த விவாதத்தில் பத்திலொரு பங்குகூட இவற்றுக்காக நடந்ததில்லை.