உறை வேறு, காப்பு வேறு

விழுப்புண்ணைப் போற்றிய மரபு நம்முடையது. அதனால்தானோ என்னவோ, முறிந்த எலும்போடு களம் புகுவோரைக் கண்டால் நமக்கு இன்றும் மெய் சிலிர்க்கிறது. 2023 ரஞ்சிக் கோப்பைக் காலிறுதியில், இந்தூரில், ஆந்திர அணித்தலைவர் ஹனுமா விஹாரி இடது மணிக்கட்டு முறிந்தபின் இடக்கை ஆட்டக்காரரைப் போல நின்று ஒரு கையால் மட்டை பிடித்தார். 2024 செப்டம்பரில் பிரசெல்ஸ் நகரில் நீரஜ் சோப்ரா இடக்கை எலும்பு முறிவோடு 87.86 மீட்டர் எறிந்து, ஒரே சென்டிமீட்டரில் முதலிடத்தை இழந்தார். நீரஜ் ஈட்டி எறிவது வலக்கையால் என்பதையும், தம் குழுவினரின் உதவியால்தான் பங்கேற்க முடிந்தது என்று அவரே சொன்னதையும் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

அவிநாசிபாளையம் பகுதியில் கபடியோ கைப்பந்தோ ஆடும் இளைஞனுக்கு அத்தகைய குழு ஏது? மாவுக்கட்டுப் பிரித்ததும் அவன் நாடுவது விளையாட்டுப் பொருள் கடையை. அங்கே கிடைக்கும் மீள்துணி உறையை மாட்டிக்கொண்டால் கை காக்கப்பட்டுவிட்டதாக நம்புகிறான். என் மறுப்பு இந்த நம்பிக்கையோடுதான்.

பின்னலாடை பற்றித் திருப்பூர்க்காரருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. இழுத்தால் நீள்வது அதன் குணம். அதனால்தான் பனியன் உடலோடு ஒட்டி நிற்கிறது. நீளும் துணி, வளையும் எலும்பை எப்படித் தடுக்கும்? உறை இதமான அழுத்தம் தரும், வீக்கத்தை ஓரளவு அடக்கும், கையைக் கவனமாகப் பயன்படுத்த நினைவூட்டும். அதன் பணி அவ்வளவே. முழங்கை மடங்கும் அளவை வரையறுக்க வேண்டுமாயின் கீல் வைத்த காப்பு வேண்டும். முன்கையில் விழும் அடியைப் பரப்பித் தாங்க, சூடாக்கிக் கையின் வடிவுக்கே வார்த்த கெட்டி நெகிழிக் காப்பு வேண்டும். அதன் விளிம்பு முறிந்த இடத்தின்மேல் முடிந்தால் விசை அங்கேயே குவியும் என்பதால், நீளத்தை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

அளவிலும் ஒரு நுட்பம் உண்டு. கட்டுக்குள் கிடந்த கை மெலிந்திருக்கும். அன்று எடுத்த அளவு, தசை தேறியபின் இறுக்கும். விரல் மரத்தாலோ நிறம் மாறினாலோ உடனே கழற்ற வேண்டும். எதிராளியின் உடலையும் எண்ண வேண்டும். கால்பந்து விதிகள் மென்மையான, எடை குறைந்த கைக்காப்பை அனுமதிக்கின்றன. உடலோடு உடல் மோதும் கபடியில் கெட்டித் தகடு பிறரைக் காயப்படுத்தும்.

காப்பே கதி என்றிருப்பதும் தவறு. சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்கிறது என்று ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வுல்ஃப் 1892இல் எழுதினார். படிப்படியாகச் சுமை பழகாத கை உறுதிப்படாது. எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருக்க வேண்டும். வலியின்றிக் கை முழுதும் அசைய வேண்டும். பிடிவலு மறுகைக்கு நிகராக வேண்டும். உள்ளே வைத்த தகட்டை எடுத்தவர்க்கு, திருகாணித் துளைகள் மூடும்வரை எலும்பு மீண்டும் முறியும் அபாயம் கூடுதல்.

‘ஏழைப் பையன் இத்தனைக்கும் எங்கே போவான்?’ என்று கேட்கலாம். அரசு மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவுக்குப் போகலாம். காப்பே தேவையில்லை, இன்னும் சில வாரம் பொறு என்ற விடையும் அங்கே கிடைக்கக்கூடும். பீஸ் ரேட்டுக்கு ஓவர்லாக் தைப்பவனுக்குக் கை மறுபடி முறிந்தால் போவது கோப்பை மட்டுமன்று, சனிக்கிழமைச் சம்பளமும்தான்.

ஆகவே என் கோரிக்கை குழு நடத்துவோரிடம். பனியனில் பெயர் அச்சிடச் செலவிடும் நீங்கள், முறிவிலிருந்து மீண்டவனை மருத்துவர் கடிதமின்றிக் களத்தில் இறக்காதீர்கள். ‘உறை போட்டிருக்கிறேன் அண்ணா’ என்று அவன் சொல்வான். அதை அனுமதியாகக் கொள்ள வேண்டாம்.