குற்றம் சாட்டுபவன் எங்கே இருக்கிறான்?

போன ஆடி மாதம் அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு காலனிக்குப் போயிருந்தேன். பீடி சுற்றும் பெண்களிடம் குழுக்கடன் நிலவரம் கேட்கப் போனது. ஒரு வீட்டு வாசலில் பந்தல் போட்டு ஜெபக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. இருபத்தைந்து வயதுகூட ஆகாத பெண் ஒருத்தியை நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். முடி அவிழ்ந்து கிடந்தது. ஊழியர் அவள் தலையில் கையை வைத்து, "இசக்கியே, வெளியே போ" என்று அதட்டிக்கொண்டிருந்தார். அவளுடைய அம்மா என்னிடம் சொன்னார்: "மூணு மாசமா ஒறங்க மாட்டக்கா மேடம். நடுச்சாமத்துல எந்திச்சி அழுதா. சாத்தான் புடிச்சிருக்குன்னு ஐயா சொல்லுதாவ."

மறுநாள் அவளிடம் தனியாகப் பேசினேன். இரண்டு இடத்தில் கடன். வாரத் தவணை கட்ட வேண்டும். கணவன் திருப்பூர் போனவன் பணம் அனுப்புவதில்லை. இது பாதிக் கதைதான். பீடிக் கடைக்குப் போய்வரும் வழியில் ஆதிக்கச் சாதிப் பையன் ஒருவன் பின்தொடர்கிறான். செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு மிரட்டுகிறான். ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா என்னையத்தான் குத்தம் சொல்லுவாவ" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தில்தான் சாத்தான் இருக்கிறான் என்பது என் வாதம். இசக்கியின் ஆலமரத்தில் அல்ல. இதை நான் கிறிஸ்தவ வேதத்தின் உள்ளிருந்தே சொல்கிறேன்.

சாத்தான் என்பது எபிரேயச் சொல். எதிர்த்து நிற்பவன், வழக்கில் குற்றம் சாட்டுபவன் என்று பொருள். பழைய ஏற்பாட்டின் சில முக்கியமான இடங்களில் அது ஆளின் பெயரே அல்ல, ஒரு வேலையின் பெயர். யோபு புத்தகத்தில் அவன் கடவுளின் சபைக்கு வந்து நிற்கிறவர்களில் ஒருவன். யோபு நேர்மையாக இருப்பதே ஆதாயத்துக்காகத்தான் என்று உள்நோக்கம் கற்பிக்கிறான். சகரியா புத்தகத்தின் 3ஆம் அதிகாரத்தில் இன்னும் தெளிவான காட்சி ஒன்று உண்டு. நாடுகடத்தப்பட்டுத் திரும்பிய மக்களின் தலைமை ஆசாரியன் யோசுவா அழுக்கு உடையோடு நிற்கிறான். அவன் வலப்பக்கம் நின்று சாத்தான் குற்றம் சாட்டுகிறான். கடவுள் யாரைக் கடிந்துகொள்கிறார்? அழுக்கு உடுத்தியவனை அல்ல, அந்த அழுக்கைக் காட்டிக் குற்றம் சாட்டியவனை. பிறகு யோசுவாவுக்கு மாற்று உடை கொடுக்கச் சொல்கிறார்.

ஊரார் அழுக்கை வெளுத்துக் கொடுத்த புதிரை வண்ணாரைக் கண்ணால் கண்டாலே தீட்டு என்று ஒதுக்கிய மாவட்டம் நம்முடையது. இந்தக் காட்சியை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நமக்குச் சொல்லப்பட்ட சாத்தானின் வாழ்க்கை வரலாறு வேறு. பெருமையால் விழுந்த தேவதூதன், லூசிபர், ஏதேனில் பாம்பாக வந்தவன் என்று ஞாயிறு பள்ளியில் படித்தோம். அது ஒரே இடத்தில் எழுதப்பட்ட கதை அல்ல, பல நூற்றாண்டுகளில் கோத்துச் சேர்த்தது. ஆதியாகமத்தில் பாம்பு வெறும் பாம்புதான். அங்கே சாத்தான் என்ற சொல் இல்லை. தாவீது மக்களைக் கணக்கெடுத்த கதையைப் பாருங்கள். 2 சாமுவேல் 24இல் அவனைத் தூண்டுவது கடவுளின் கோபம். பின்னால் எழுதப்பட்ட 1 நாளாகமம் 21இல் தூண்டுவது சாத்தான். இரண்டு நூல்களுக்கு இடைப்பட்ட காலத்தில் சமூகத்தின் சிந்தனை மாறியிருக்கிறது.

ஏசாயா 14இல் வானத்திலிருந்து விழும் விடிவெள்ளி, பாபிலோன் ராஜாவைக் கேலி செய்யும் பாட்டில் வருகிறது. நாடுகளை மிதித்தவனே, நீ விழுந்தாயா என்று ஒடுக்கப்பட்ட மக்கள் பாடுகிறார்கள். எசேக்கியேல் 28 தீரு நகரத்து மன்னனைப் பற்றியது. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் போன்ற சபைப் பிதாக்கள் இந்தப் பகுதிகளைச் சாத்தானின் வீழ்ச்சியாக வாசித்தார்கள். விடிவெள்ளிக்கு லத்தீன் மொழிபெயர்ப்பில் வந்த சொல்லான 'லூசிபர்' அவனுடைய பெயராகிவிட்டது. பேரரசர்களுக்கு எதிரான அரசியல் பாட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆவியின் கதையாக மாறியது. பேரரசர்கள் தப்பித்துக்கொண்டார்கள்.

புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டது. அதில் வரும் 'தியாபொலோஸ்' என்ற சொல்லுக்கு அவதூறு செய்பவன் என்று பொருள். தீய ஆவிகளுக்கு அங்கே வேறு சொல் இருக்கிறது: 'தைமோனியன்'. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் பெரும்பாலும் இரண்டும் 'பிசாசு' ஆகிவிட்டன. அவதூறு என்ற பொருள் காதிலிருந்து மறைந்துபோனது. இருட்டும் புளியமரமும் மட்டும் மிஞ்சின. யோவான் 8இல் இயேசு பிசாசைக் கொலைகாரன் என்றும் பொய்க்குத் தகப்பன் என்றும் சொல்கிறார். வெளிப்படுத்தின விசேஷம் 12இல் கீழே தள்ளப்படுகிறவன் சகோதரர்மேல் இரவும் பகலும் குற்றம் சுமத்துகிறவன். ஆக, வேதம் காட்டும் சாத்தானின் தொழில் மூன்று: அவதூறு, பொய், கொலை. அவனுடைய வஞ்சகமும் இந்த மூன்றில்தான் இருக்கிறது. கொலை செய்துவிட்டு, பொய் சொல்லி, செத்தவன்மீதே குற்றத்தைப் போடுவது.

இப்போது தாமிரபரணிக்கு வருவோம்.

புறஜாதியார் பலியிடுவது பேய்களுக்கே என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். அந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு 19ஆம் நூற்றாண்டு மிஷனரிகள் இங்கே வந்தார்கள். இடையன்குடியில் ஊழியம் செய்த கால்டுவெல் 1849இல் பனையேறும் மக்களைப் பற்றி எழுதிய ஆங்கிலச் சிறுநூலில், அவர்களுடைய சமயத்துக்குப் பேய் வழிபாடு என்று பெயர் வைத்தார். சுடலைமாடன், இசக்கி, மாடத்திகள் எல்லோரும் பேய்களாகப் பதிவானார்கள். அந்த நூலில் இருந்த இழிவுக்கு எதிராக அந்தச் சமூகத்திலிருந்தே கடும் எதிர்ப்பு கிளம்பியது. 1857இல் நாசரேத் பக்கம் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை மிஷனரிகளை விட்டு விலகித் தனிச் சபையே தொடங்கினார்.

ஆனால் கால்டுவெல் கவனித்து எழுதிய ஒரு விஷயம் நமக்கு முக்கியம். இந்தப் 'பேய்கள்' பலரும் ஒரு காலத்தில் வாழ்ந்த மனிதர்கள்; அகாலத்தில், வன்முறையால் செத்தவர்கள். 1809இல் திருவிதாங்கூர் எல்லைக் கோட்டைப் போரில் காயம்பட்டு இறந்த போல் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரிக்குக்கூட மக்கள் சாராயமும் சுருட்டும் படைத்ததை அவர் குறித்திருக்கிறார். அந்நியப் படைக்காரனாக இருந்தாலும் துர்மரணம் அடைந்தவன் என்பதால் அவனுக்கும் ஒரு படையல். பயம் இதில் உண்டு. அதோடு செத்தவனை மறக்கக் கூடாது என்ற நியாயமும் உண்டு.

பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. அய்யனாருக்குச் சாத்தன் என்பது பழைய தமிழ்ப் பெயர். எபிரேயச் சாத்தானுக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, இடையில் ஒரு துணைக்கால் மட்டுமே வித்தியாசம். ஆனால் கேட்கிற காதுக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்தக் கோயிலில் பட்டவராயன் சன்னதி உண்டு. வேண்டிக்கொண்டவர்கள் அங்கே தோல் செருப்பைக் காணிக்கை வைக்கிறார்கள். வில்லுப்பாட்டில் அவர்தான் முத்துப்பட்டன். பிராமணராகப் பிறந்து, வாலப்பகடையின் மகள்களான பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்களை மணக்கக் குடுமியையும் பூணூலையும் துறந்து, செருப்புத் தைக்கக் கற்றவர். மாமனாரின் மாடுகளைத் திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தவர். அவரோடு அந்தப் பெண்களும் தீயில் இறங்கினார்கள். நா. வானமாமலை இந்தக் கதையைப் பதிப்பித்தார். பின்னால் வந்த வடிவங்களில் ஒரு திருத்தம் நுழைந்தது: அந்தப் பெண்கள் பிறப்பில் பிராமணர்களாம், சக்கிலியர் எடுத்து வளர்த்தார்களாம்.

பொய்க்குத் தகப்பன் எங்கே வேலை செய்திருக்கிறான் என்று பாருங்கள். ஒரு பக்கம், சாதியைக் கடந்து மணந்து செத்தவன் பேய் என்று சொல்லப்படுகிறான். இன்னொரு பக்கம், அவன் கடந்த சாதியையே கதையிலிருந்து அழிக்கிறார்கள்.

பிரசங்கத்துக்குப் பதில் பிரசங்கமாக, எல்லோரும் பூடத்துக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. என் ஆச்சி ஞானஸ்நானம் எடுத்ததற்குக் காரணம் இருந்தது. கொடைக்கு மேளம் நம்முடையது, சன்னதி அவர்களுடையது என்றிருந்த ஊரில், வேதக்கோயில் ஆச்சிக்கு எழுத்தைக் கொடுத்தது. ராத்திரி விளக்கில்லாமல் வெளியே போகும் தைரியத்தைக் கொடுத்தது. பேய்ப்பயம் போனதும் விடுதலைதான். அதைக் கொச்சைப்படுத்த எனக்கு உரிமை இல்லை.

ஆனால் ஆச்சி உள்ளே போன பிறகு என்ன நடந்தது? சாத்தானைச் சுடலைமாடன் பூடத்தில் தேடிய சபை, தன் பெஞ்சில் தேடவில்லை. எந்தச் சாதிக்கு எந்தக் கல்லறை, எந்தச் சாதிக்காரர் கமிட்டியில், மணமகள் தேவை விளம்பரத்தில் சபைப் பிரிவோடு என்ன சாதி என்பதெல்லாம் எந்த உபவாச ஜெபத்திலும் துரத்தப்பட்டதில்லை. இசக்கி ஓடிவிடுகிறாள், சாதி ஓடுவதில்லை. ஏனென்றால் அதை யாரும் பேர் சொல்லி அதட்டுவதில்லை.

1999 ஜூலை 23ஐ நினைத்துக்கொள்ளுங்கள், தோழர்களே. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கூலி கேட்டும், சிறையில் இருந்தவர்களை விடச் சொல்லியும், கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் போனது. போலீஸ் தடியடியில் மக்கள் ஆற்றில் விழுந்தார்கள். 17 பேர் செத்தார்கள்; அதில் ஒன்றரை வயதுக் குழந்தையும் ஒன்று. அடுத்த நாளே என்ன பேச்சு? கூட்டம் கல்லெறிந்தது, குழந்தையை ஏன் கூட்டத்துக்குத் தூக்கி வந்தார்கள், நீச்சல் தெரியாமல் ஏன் ஆற்றில் இறங்கினார்கள். செத்தவர்கள் அழுக்கு உடையோடு நிற்கிறார்கள், வலப்பக்கம் ஒருவன் நின்று குற்றம் சாட்டுகிறான். ஆர்.ஆர். சீனிவாசனின் 'ஒரு நதியின் மரணம்' ஆவணப்படத்தைப் பார்க்காதவர்கள் பாருங்கள்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியவர்கள் அவனோடு பள்ளியில் படித்த பையன்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன் பிறகுதான் நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. அந்தப் பையன்களுக்குள் ஏதோ ஆவி புகுந்துவிட்டது என்று சொல்லிவிட்டால் வேலை எளிது. கையில் கலர் கயிறு கட்டிவிட்டது யார், வீட்டில் என்ன பேசினார்கள், ஆசிரியர்கள் எதைப் பார்த்தும் பார்க்காமல் இருந்தார்கள் என்ற கேள்விகள் அப்போது தேவைப்படாது.

அதனால் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சாதியைச் சாத்தான் என்று மேடையில் முழங்குவது நமக்குப் பிடிக்கும். ஆனால் சாதி ஆவி அல்ல. அதற்கு முகவரி உண்டு, பட்டா உண்டு, பள்ளி நிர்வாகம் உண்டு, கட்சிப் பதவி உண்டு. அதேபோல் எதிரில் இருக்கும் மனிதனைச் சாத்தான் என்று அழைப்பதும் ஆபத்து. எலைன் பேகல்ஸ் 1995இல் எழுதிய 'சாத்தானின் தோற்றம்' பற்றிய நூலில், இந்த உருவம் வளர்ந்ததே சொந்தச் சமூகத்துக்குள் மாறுபட்டவர்களை எதிரியாக்கத்தான் என்று காட்டுகிறார். ஐரோப்பாவில் சாத்தானோடு ஒப்பந்தம் போட்டார்கள் என்று சொல்லிப் பல்லாயிரம் பேரைக் கொன்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பிறரைச் சாத்தான் என்று குற்றம் சாட்டுபவன், தன்னை அறியாமலே அந்த வேலையைத்தான் செய்கிறான்.

வேதம் படிக்கும் தம்பி தங்கைகளிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை பிரசங்கத்தில் சாத்தான் என்ற சொல் வந்தால், இங்கே குற்றம் சாட்டப்படுவது யார், சாட்டுவது யார் என்று கேளுங்கள். அழுக்கு உடையில் நிற்பவனைத் துரத்துகிறார்களா, மாற்று உடை கொடுக்கிறார்களா என்று பாருங்கள். கேள்வியை ஆலயத்துக்கு வெளியே இருந்து கத்த வேண்டாம். வேதபாட வகுப்பிலேயே கேளுங்கள். சகரியா 3ஐத் திறந்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.

அந்தப் பெண்ணோடு காவல் நிலையத்துக்குப் போனோம். முதல் கேள்வி, "ஜெபத்துக்குப் போறீங்களே, அப்புறம் எப்படி எஸ்.சி.?" இரண்டாவது கேள்வி, "அவன் ஏன் உன் பின்னால மட்டும் வாறான்?" இரண்டு கேள்விகளும் அவளைத்தான் குற்றவாளி ஆக்கின. அன்று அவள் தலைகுனியவில்லை. புகாரை எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தாள். வழக்கு மெதுவாக நகர்கிறது. கடன் அப்படியேதான் இருக்கிறது. இப்போது கொஞ்சம் உறங்குகிறாள் என்று அம்மா சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கும் போகிறாளாம். ஊழியர் கை வைக்க வந்தால் மட்டும், "எனக்கு ஒண்ணும் புடிக்கல ஐயா" என்று சொல்லிவிடுகிறாளாம்.