பெயர்ந்தோரா, பெயர்க்கப்பட்டோரா?

போர்க்காலத்திலே திருகோணமலையை விட்டுப் படகேறி இராமேசுவரம் சேர்ந்தவர் பலர். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி கடல் பெருகியபோது, உப்புவெளிக் கரையிலே வீடிழந்தவரும் பலர். இத்தகையோரைப் பத்திரிகைகள் அகதிகள் என்றும், ஏதிலிகள் என்றும், இடம்பெயர்ந்தோர் என்றும் எழுதிவந்துள்ளன. பெயர் வேறாயினும் பொருள் ஒன்றே என எண்ணற்க. அகதி என்றால் கதியற்றவர். ஏதிலார் என்பது பழந்தமிழில் அயலாரைக் குறித்தது. இடம்பெயர்ந்தோர் என்னும்போதோ, தாமே விரும்பிப் புறப்பட்டவர் போன்ற தோற்றம் உண்டாகிறது. 'இடம்பெயர்க்கப்பட்டோர்' என்று எழுதிப் பாருங்கள். பெயர்த்தவர் யார் என்ற வினா உடனே எழும்.

எந்தப் பத்திரிகை எந்தச் சொல்லை எக்காலத்தில் விரும்பியது? ஒருநாள் இதழைப் படித்து விடை கூறல் இயலாது. பல்லாண்டு இதழ்களை ஒருங்கு சேர்த்து எண்ணுதல் வேண்டும். அவ்வாறு திரட்டிய எழுத்துத் தொகுதியைத் தரவகம் என்பர். அமெரிக்காவின் பிரவுண் பல்கலைக்கழகத்தார், 1961இல் அச்சானவற்றிலிருந்து ஏறக்குறைய 2,000 சொற்கள் கொண்ட 500 பகுதிகளைத் தொகுத்தனர். அவற்றுள் 88 பத்திரிகைப் பகுதிகள். பின்னாளில் இங்கிலாந்தின் லங்காஸ்ரர் பல்கலைக்கழக ஆய்வாளர், 1996 முதல் 2005 வரை பிரித்தானியப் பத்திரிகைகள் அகதிகளையும் புகலிடங் கோருவோரையும் பற்றி எழுதியவற்றில் 14 கோடிச் சொற்களைக் கணினி கொண்டு ஆராய்ந்தனர். அகதி என்ற சொல்லின் அயலிலே வெள்ளம், பெருக்கு முதலிய நீர்ச்சொற்கள் திரும்பத் திரும்ப நின்றன. கடலுக்கு அஞ்சி ஓடிய எம்மூரவர்க்கு, மனிதரையே வெள்ளமாக்கிய அவ்வெழுத்து கசப்பான வேடிக்கைதான்!

தமிழில் எண்ணுவது சற்றுத் தொல்லையான வேலை. அகதி, அகதிகளுக்கு, அகதியாக என்பன கணினிக்கு மூன்று வெவ்வேறு சொற்கள். உருபுகளை நீக்கி அடிச்சொல்லைக் காணல் வேண்டும். நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்திலே ஈழத்துப் பழைய இதழ்கள் பல, படங்களாக உள்ளன. அப்படத்தைக் கணினி எழுத்தாக மாற்றும்போது காலும் ரகரமும் மயங்கும். மனிதக் கண்ணே திருத்தியாக வேண்டும்.

மாணவர் தொடங்குதற்கு ஏற்ற ஒன்று கூறுவேன். தமிழ்நாட்டிலுள்ள இலங்கை அகதிகள் முகாம்கள் இனி 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என அழைக்கப்படும் என்று 2021இல் அம்மாநில அரசு அறிவித்தது. பத்திரிகைகளும் சொல்லை மாற்றினவா? ஒரே பத்திரிகையில் அவ்வாண்டிற்கு முந்திய மூன்றாண்டுச் செய்திகளையும் பிந்திய மூன்றாண்டுச் செய்திகளையும் வெவ்வேறாகத் தொகுத்து, பத்தாயிரம் சொல்லுக்கு 'அகதி' எத்தனை முறை வருகிறது எனக் கணக்கிடுக. தொகுதிகள் சிறிதும் பெரிதுமாயிருப்பினும் இவ்விகிதத்தால் ஒப்பிடலாம். பின்னர் அச்சொல்லின் இருபுறமும் ஐந்தைந்து சொற்களை நோக்குக. அங்கே நிற்பது 'உதவி'யா, 'கைது'வா?

எண்ணிக்கையோடு நின்றுவிடலாகாது. அச்சொல்லைச் செய்தியாளர் தாமே எழுதினாரா, பிறர் கூற்றாகத் தந்தாரா என்பதை ஒவ்வொரு வரியையும் வாசித்தே அறியலாம். முகாமிலிருக்கும் தாயொருத்தி "நான் அகதி" என்று சொல்லியிருப்பின், அதனைப் பத்திரிகையின் கணக்கில் எழுதுதல் நியாயமன்று. அதற்குத் தனி நிரலொன்று வகுத்துக் கொள்க.